வேகம் வேறு, முடுக்கம் வேறு: உசேன் போல்ட்டின் ஓட்டத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஒரு பந்தை நேராக மேலே எறிகிறீர்கள். அது ஏறுகிறது, உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது, அப்புறம் இறங்குகிறது. நிற்கிற அந்தக் கணத்தில் பந்தின் முடுக்கம் எவ்வளவு?

பள்ளியில் இயற்பியல் படித்தவர்களிடம் கேட்டாலும் பலர் யோசிக்காமல் "பூஜ்யம்" என்பார்கள். பந்துதான் நிற்கிறதே, அப்புறம் எங்கிருந்து முடுக்கம் வரும் என்ற எண்ணம். விடை பூஜ்யம் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கீழே பார்ப்போம். இவ்வளவு பேர் தவறுவதற்குக் காரணம் கணக்கு கஷ்டம் என்பதல்ல. "வி ஈக்வல் டு யூ பிளஸ் ஏ டி" என்று சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறோம், ஆனால் வேகம், முடுக்கம் இரண்டையும் மனதுக்குள் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிடுகிறோம். அதிக வேகம் என்றால் அதிக முடுக்கம், வேகம் இல்லையென்றால் முடுக்கமும் இல்லை என்று ஒரு நினைப்பு. அந்த மூட்டையைத்தான் இங்கே அவிழ்க்கப் போகிறோம்.

தூரமும் நேரமும் சேர்ந்தால் வேகம்

வேகம் என்பது குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு தூரம் கடக்கிறோம் என்பது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும், அவ்வளவுதான். 120 கிலோமீட்டரை 2 மணி நேரத்தில் கடந்தால் மணிக்கு 60 கிலோமீட்டர்.

சாலையில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசுகிறோம், பாடப்புத்தகத்தில் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வருகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் 3.6 என்ற எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு கிலோமீட்டரில் 1,000 மீட்டர், ஒரு மணி நேரத்தில் 3,600 விநாடி, அதனால்தான் 3.6. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். ஊருக்குள் சாதாரணமாகப் போகிற ஒரு பைக், நாம் "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் 10 மீட்டர் போய்விடுகிறது என்பதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மணிக்கணக்கில் பார்த்தால் சாதுவாகத் தெரிகிற எண், விநாடிக்கணக்கில் பார்க்கும்போது அப்படித் தெரியாது.

நேரத்தைச் சரியாகக் கவனிக்காவிட்டால் எளிய கணக்கும் கவிழ்த்துவிடும். ஓர் ஊருக்குப் போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது போக்குவரத்து நெரிசலால் மணிக்கு 30 கிலோமீட்டர். மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 45 என்று சொல்லத்தான் வாய் வரும். ஊர் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக 1 மணி நேரம், திரும்ப 2 மணி நேரம், மொத்தம் 120 கிலோமீட்டருக்கு 3 மணி நேரம், ஆக சராசரி மணிக்கு 40. மெதுவாக வந்த பகுதியில்தான் நாம் அதிக நேரம் இருந்தோம், அதனால் அந்தப் பகுதி சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. சராசரி வேகம் என்றால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பது. வேகங்களைக் கூட்டி வகுப்பது அல்ல.

9.58 விநாடிக்குள் என்ன நடந்தது?

2009 ஆகஸ்டில் பெர்லினில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் ஜமைக்காவின் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 10.44 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 37.6 கிலோமீட்டர். இது அவருடைய சராசரி வேகம்.

ஆனால் அவர் அந்த வேகத்தில் ஓடவில்லை. துப்பாக்கி வெடித்தபோது அவர் வேகம் பூஜ்யம், கோட்டைத் தாண்டும்போது 10.44-ஐவிட அதிகம். அந்த ஓட்டத்தை 10 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து அளந்திருக்கிறார்கள், இந்தப் பாடத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல அட்டவணை எனக்குத் தெரிந்து இல்லை. முதல் 10 மீட்டருக்கு 1.89 விநாடி (சத்தம் கேட்டு உடம்பு அசைய எடுத்துக்கொண்ட நேரமும் இதில் அடக்கம்). அடுத்த 10 மீட்டருக்கு 0.99. அதற்கடுத்து 0.90, 0.86, 0.83, 0.82. 60-லிருந்து 70 மீட்டர் வரையிலான துண்டு 0.81, அதுதான் மிகக் குறைந்த நேரம். அப்புறம் 0.82, 0.83, 0.83.

ஒவ்வொரு துண்டும் அதே 10 மீட்டர்தான், எனவே நேரம் குறையக் குறைய வேகம் கூடுகிறது. 0.81 விநாடித் துண்டில் வேகம் விநாடிக்குச் சுமார் 12.3 மீட்டர், மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு குறிப்பிட்ட கணத்தில் இருக்கிற வேகத்தைக் கணநேர வேகம் என்பார்கள். வண்டியின் ஸ்பீடோமீட்டர் முள் காட்டுவது இதைத்தான். கோயம்பேட்டிலிருந்து கிளம்பி இத்தனை மணி நேரத்தில் ஊர் வந்து சேர்ந்தேன் என்று நாம் போடுகிற கணக்கு சராசரி வேகம்.

இதுவரை பார்த்தது: வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தது. முழுப் பயணத்துக்கும் சேர்த்து வகுத்தால் சராசரி வேகம், மிகச் சிறிய துண்டுக்கு வகுத்தால் கணநேர வேகம்.

முடுக்கம்: வேகத்துக்கு என்ன ஆகிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இதற்கு மட்டும் சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் யாரும் தவறுவதில்லை.

வங்கியில் சேர்ந்திருக்கிற பணத்தைக் கடந்த தூரம் என்று வையுங்கள். மாதச் சம்பளம்தான் வேகம், மாதத்துக்கு எவ்வளவு சேர்கிறது என்பதை அதுதான் சொல்கிறது. அந்தச் சம்பளம் எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பது, அதாவது இன்கிரிமென்ட், முடுக்கம். ஒருவர் மாதம் 2 லட்சம் வாங்குகிறார், ஆனால் பல வருடமாக ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அவருக்கு வேகம் அதிகம், முடுக்கம் பூஜ்யம். இன்னொருவர் 15,000 ரூபாய் வாங்குகிறார், வருடாவருடம் 3,000 ஏறுகிறது. வேகம் குறைவு, முடுக்கம் இருக்கிறது. மூன்றாமவருக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். இன்கிரிமென்ட் கழித்தல் குறிக்குப் போய்விட்டது, ஆனாலும் மாதாமாதம் அவர் கணக்கில் பணம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. "பெரிய சம்பளம், அதனால் பெரிய இன்கிரிமென்ட் கிடைத்திருக்கும்" என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. வேகத்தையும் முடுக்கத்தையும் பற்றிப் பேசும்போது மட்டும் அப்படி முடிவு கட்டிவிடுகிறோம்.

முடுக்கம் என்பது வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது. வேகத்தில் வந்த மாற்றத்தை, அதற்கு ஆன நேரத்தால் வகுக்க வேண்டும். பைக் வாங்கப் போகிறவர்கள் "டாப் ஸ்பீடு எவ்வளவு", "பிக்கப் எப்படி" என்று இரண்டு தனிக் கேள்வி கேட்பார்களே, அந்தப் பிக்கப்தான் இது.

போல்ட்டின் ஓட்டத்துக்கே திரும்புவோம். கிளம்பிய சுமார் 2.4 விநாடிக்குள் அவர் வேகம் பூஜ்யத்திலிருந்து விநாடிக்கு 10 மீட்டரை எட்டிவிடுகிறது. வகுத்தால் ஒவ்வொரு விநாடியும் சராசரியாக 4 மீட்டர் வீதத்துக்கும் சற்று மேலாக வேகம் கூடியிருக்கிறது. அங்கிருந்து உச்ச வேகமான 12.3-ஐத் தொட இன்னும் நான்கு விநாடிக்கும் மேல் ஆகிறது, இந்தப் பகுதியில் விநாடிக்கு அரை மீட்டர் வீதம்தான் கூடுகிறது. 65 மீட்டர் வாக்கில் அவர் உச்ச வேகத்தில் இருக்கிறார், அங்கே அவருடைய முடுக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். வேகம் மிக அதிகமாக இருக்கிற இடத்தில் முடுக்கம் இல்லை, முடுக்கம் மிக அதிகமாக இருந்த தொடக்கத்தில் வேகம் மிகக் குறைவு. இரண்டும் வேறு வேறு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கடைசி 30 மீட்டரில் துண்டு நேரங்கள் 0.82, 0.83, 0.83 என்று போகின்றன, அதாவது உலகச் சாதனை ஓட்டத்திலும் கடைசியில் வேகம் குறைகிறது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது முன்னணி வீரர் கடைசியில் பாய்ந்து போவது போலத் தோன்றும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், எல்லாருமே வேகத்தை இழந்துகொண்டிருக்கிறார்கள், அவர் குறைவாக இழக்கிறார்.

சரி, அலகைப் பற்றி ஒரு வார்த்தை. முடுக்கத்தின் அலகை "மீட்டர் பை செகண்ட் ஸ்கொயர்" என்று படித்திருப்போம். செகண்டை எதற்கு ஸ்கொயர் பண்ண வேண்டும் என்று குழம்பாத மாணவர் குறைவு. அதை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். "விநாடிக்கு 4 மீட்டர், ஒவ்வொரு விநாடியும்" என்று பிரித்துப் படியுங்கள். முதல் பாதி வேகம், இரண்டாம் பாதி அந்த வேகம் எத்தனை நேரத்தில் கூடியது என்பது. விநாடி இரண்டு தடவை வருகிறது, அவ்வளவுதான் அந்த வர்க்கம்.

பந்தும் கிணற்றில் போட்ட கல்லும்

இப்போது பந்துக் கேள்விக்கு வருவோம். பூமி எந்தப் பொருளையும் கீழ்நோக்கி இழுக்கிறது, அந்த இழுப்பால் வருகிற முடுக்கம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.8 மீட்டர். கணக்கு எளிதாக இருக்கட்டும், 10 என்று வைத்துக்கொள்வோம். பந்தை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறீர்கள். 1 விநாடி கழித்து வேகம் 10. 2 விநாடி கழித்துப் பூஜ்யம், இதுதான் உச்சி. 3-ஆவது விநாடி முடிவில் கீழ்நோக்கி 10. 4-ஆவது விநாடி முடிவில் கீழ்நோக்கி 20, பந்து கைக்கு வந்துவிடுகிறது. மேல்நோக்கிய வேகத்தைக் கூட்டல் குறியாகவும் கீழ்நோக்கியதைக் கழித்தல் குறியாகவும் எழுதினால் 20, 10, 0, கழித்தல் 10, கழித்தல் 20. ஒவ்வொரு விநாடியும் அதே 10 குறைந்துகொண்டே வருகிறது, உச்சியைக் கடக்கும்போதும் அந்த வரிசை ஒரு கணம்கூட நிற்கவில்லை. ஆக உச்சியிலும் முடுக்கம் 9.8-தான். அங்கே முடுக்கம் பூஜ்யம் என்றால் வேகம் மாறக் கூடாது, பூஜ்யமாகவே இருக்க வேண்டும், பந்து அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி எந்தப் பந்தும் தொங்கியதில்லை.

விழுகிற பொருள் இப்படிச் சீராக வேகமெடுக்கிறது என்பதை அளந்து காட்டியவர் கலிலியோ. நேராக விழுவதை அந்தக் காலக் கடிகாரங்களால் அளக்க முடியாது, அவ்வளவு விரைவு. அதனால் சாய்வான பலகையில் ஒரு நீளப் பள்ளம் வெட்டி, அதில் குண்டை உருட்டிவிட்டு இயக்கத்தை மெதுவாக்கிக்கொண்டார். ஒரு பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரைப் பிடித்து எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். சம நேர இடைவெளிகளில் குண்டு கடந்த தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இருந்தன. இவற்றை வரிசையாகக் கூட்டினால் 1, 4, 9, 16. நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 1638-இல் இது அச்சில் வெளிவந்தது.

இதை நம் ஊர்க் கிணற்றிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கல்லைக் கையிலிருந்து நழுவவிட்டு, தண்ணீரில் விழுகிற சத்தம் வரும்வரை விநாடியை எண்ணுங்கள். 1 விநாடி என்றால் தண்ணீர் சுமார் 5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 2 விநாடி என்றால் 10 மீட்டர் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் சுமார் 20 மீட்டர். இரண்டாவது விநாடியில் கல் ஏற்கெனவே வேகமெடுத்துவிட்டது, அதனால் அந்த விநாடியில் மட்டும் 15 மீட்டர் விழுகிறது. முதலில் 5, அப்புறம் 15, அதாவது ஒன்றுக்கு மூன்று. கலிலியோவின் பலகையில் வந்த அதே விகிதம்.

கனமான பொருள் வேகமாக விழும் என்ற நினைப்பும் பலருக்கு உண்டு. காற்று தடுக்காவிட்டால் எல்லாம் ஒரே முடுக்கத்தில்தான் விழும். 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒரே நேரத்தில் விட்டார், இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

சுருக்கமாக: முடுக்கம் என்பது வேகம் மாறுகிற வீதம். வேகம் பூஜ்யமாக இருக்கும்போதும் முடுக்கம் இருக்கலாம், வேகம் உச்சத்தில் இருக்கும்போதும் முடுக்கம் இல்லாமல் போகலாம்.

உடம்புக்கு எது தெரியும்?

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற விமானத்தில் காபி டம்ளர் ஆடாமல் இருக்கிறது. மணிக்கு 30-இல் போகிற டவுன் பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எல்லாரும் முன்னால் சாய்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பூமி தன் சுழற்சியால் மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே கொண்டுபோகிறது, அவருக்கு எதுவும் தெரிவதில்லை. நம் உடம்பு வேகத்தை உணர்வதில்லை, வேக மாற்றத்தைத்தான் உணர்கிறது. விமானம் ஓடுபாதையில் கிளம்பும்போது முதுகு இருக்கையில் அழுந்துகிறதே, அப்போது வேகம் பறக்கும்போது இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு.

திசை மாறினாலும் கணக்குதான்

வேகத்தோடு திசையையும் சேர்த்துச் சொன்னால் அது திசைவேகம். "மணிக்கு 40 கிலோமீட்டர்" என்பது வேகம், "வடக்கு நோக்கி மணிக்கு 40 கிலோமீட்டர்" என்பது திசைவேகம். (இலங்கையில் படித்தவர்கள் குழம்ப வேண்டாம்: நான் இங்கே வேகம் என்பது உங்கள் கதி, திசைவேகம் என்பது உங்கள் வேகம், முடுக்கம் உங்கள் ஆர்முடுகல்.) துல்லியமாகச் சொன்னால் முடுக்கம் என்பது திசைவேகம் மாறுகிற வீதம். எனவே முள் அசையாமல் இருந்தாலும், வண்டி திரும்பினால் அங்கே முடுக்கம் இருக்கிறது. கொல்லிமலைக்குப் போகிற பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டு போனாலும் ஒவ்வொரு வளைவிலும் நாம் பக்கவாட்டில் சரிகிறோம், பக்கத்து இருக்கைக்காரர் மேல் விழுகிறோம். வேகம் மாறவில்லை, திசை மாறியது.

பிரேக் போடும்போது

வேகம் குறைவதை எதிர்முடுக்கம் என்பார்கள். இதற்கென்று புது விதி ஒன்றும் கிடையாது, அதே கணக்கில் கழித்தல் குறி வருகிறது, அவ்வளவுதான்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கத் தொடங்கியபோது, நிலவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு 1,680 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மணிக்கு 6,000 கிலோமீட்டருக்கும் மேல். முதல் கட்டத்தில் சுமார் 690 விநாடியில் அந்த வேகத்தை விநாடிக்கு 358 மீட்டர் அளவுக்குக் குறைத்தார்கள். கழித்து வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு விநாடியும் 2 மீட்டருக்கும் குறைவாகத்தான் வேகம் இறங்கியிருக்கிறது. குறுக்கே நாய் வந்தால் நாம் பைக்கில் போடுகிற பிரேக் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கடுமையானது. வேகம் பிரம்மாண்டமானது, முடுக்கம் சாதாரணமானது.

ஆனால் சாலையில் நமக்கு 690 விநாடி கிடைக்காது. அழுத்திப் பிரேக் போட்டால் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40-இல் வந்தால், பிரேக் பிடித்த பிறகு நிற்க சுமார் 12 மீட்டர் வேண்டும். 80-இல் வந்தால்? இரண்டு மடங்கு, 24 மீட்டர் என்றுதான் தோன்றும். ஆகிறது 49 மீட்டர். ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் அது பூஜ்யத்துக்கு இறங்க ஆகிற நேரமும் இரண்டு மடங்கு, அந்த நேரம் முழுக்க வண்டி ஓடுகிற சராசரி வேகமும் இரண்டு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் நான்கு மடங்கு. கிணற்றில் விழுந்த கல்லின் கணக்கைத் தலைகீழாகப் போட்டது போலத்தான் இது.

"கொஞ்சம் வேகமாகப் போனால் நேரம் மிச்சம்" என்பதையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 30 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 60-இல் போனால் 30 நிமிடம், 80-இல் போனால் 22 நிமிடம் 30 விநாடி. மிச்சம் ஏழரை நிமிடம், அதுவும் வழியில் எங்கும் நிற்காமல் போனால். இப்போது இரண்டு வண்டிகளும் பக்கம் பக்கமாக வருகின்றன, ஒன்று 60-இல், ஒன்று 80-இல். எதிரே ஒரு லாரி குறுக்காக நிற்பதை இரண்டு பேரும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள், இரண்டு பேருக்கும் கை பிரேக்குக்குப் போக 1 விநாடி ஆகிறது. 60-இல் வந்தவர் அந்த 1 விநாடியில் சுமார் 17 மீட்டரும், பிரேக் பிடித்த பிறகு சுமார் 28 மீட்டரும் போய், ஏறத்தாழ 44 மீட்டரில் நின்றுவிடுகிறார். 80-இல் வந்தவருக்குப் பிரேக் பிடிப்பதற்கு முன்பே 22 மீட்டர் போய்விட்டது. முதல் வண்டி முழுதாக நின்ற அதே இடத்தைக் கடக்கும்போது அவர் வண்டியின் வேகம் இன்னும் மணிக்கு 59 கிலோமீட்டர்.